ஆயுத விற்பனையும் மனித உரிமை நிபந்தனையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் எங்கள் வட்டார நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடும் தமிழ் வாசிப்புக் குழுவில் காஸா, ஏமன், மியன்மார் என்று பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். சுட்டவன் குற்றவாளி என்றால், துப்பாக்கியை விற்றவன் யார்? தேசிய சேவையை அண்மையில் முடித்த இளையர் ஒருவரும், துறைமுகத்தில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரும் இதைப் பற்றி வாதிட்டபோது, இருவரும் வெவ்வேறு பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஒருவர் கேட்டது அறத்தைப் பற்றி. மற்றவர் கேட்டது எந்தத் தாளில் யார் கையெழுத்திடுகிறார் என்பதைப் பற்றி. பெரியவரின் கேள்வியே முக்கியமானது என்பது என் கருத்து. கீழே உள்ள விடைகள் அந்தச் சாய்வோடுதான் எழுதப்பட்டுள்ளன.

ஆயுத விற்பனையும் இராணுவ உதவியும் ஒன்றுதானா?

இல்லை. விற்பனையில் வாங்குபவர் தம் பணத்தைத் தருகிறார்; விற்கும் நாட்டின் அரசு ஏற்றுமதி உரிமம் வழங்குகிறது, அல்லது தானே விற்கிறது. உதவியில், கொடுக்கும் நாட்டின் வரிப்பணத்திலேயே ஆயுதமும் பயிற்சியும் தரப்படுகின்றன. சிங்கப்பூர் முதல் வகையைச் சேர்ந்த வாடிக்கையாளர். 2020 ஜனவரியில் எஃப்-35பி ரகப் போர் விமானங்களில் 12 வரை, ஏறத்தாழ 2.75 பில்லியன் அமெரிக்க டாலர் மதிப்பில் நமக்கு விற்க அமெரிக்க வெளியுறவு அமைச்சு ஒப்புதல் அளித்தது. அதற்கான செலவு நம்முடையது. ஆண்டுதோறும் 1.3 பில்லியன் டாலர் இராணுவ உதவி பெற்றுவரும் எகிப்து இரண்டாம் வகை.

மனித உரிமை நிபந்தனை என்று வரும்போது இந்த வேறுபாடு பெரிதாகிறது. கொடுப்பவரின் பணம் என்றால் கேள்வி கேட்கும் உரிமை அவருக்கு இயல்பாகவே இருக்கிறது. வாங்குபவரின் பணம் என்றால், நிபந்தனை விதிப்பவர் தம் நாட்டுத் தொழிற்சாலைக்கு வரவேண்டிய வருமானத்தை இழக்கவும் அணியமாக இருக்கவேண்டும். மனித உரிமைச் சட்டங்கள் பெரும்பாலும் உதவியின் பக்கம் கடுமையாகவும் விற்பனையின் பக்கம் தளர்வாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

இப்படி நிபந்தனை விதிக்கும் வழக்கம் எப்போது தொடங்கியது?

1970களில், அமெரிக்க நாடாளுமன்றத்தில். வியட்நாம் போரின் கசப்பும் சிலியில் நடந்த இராணுவப் புரட்சியும் உறுப்பினர்களை உலுக்கியிருந்த காலம் அது. 1961ஆம் ஆண்டின் வெளிநாட்டு உதவிச் சட்டத்தில் 502பி என்ற பிரிவு 1974இல் வெறும் கருத்துரையாகச் சேர்க்கப்பட்டு, 1976இல் கட்டாயமாக்கப்பட்டது. மனித உரிமைகளைத் தொடர்ந்து, மிக மோசமாக மீறும் அரசுக்குப் பாதுகாப்பு உதவி வழங்கக்கூடாது என்கிறது அது. கூடவே, அசாதாரணச் சூழ்நிலை இருந்தால் வழங்கலாம் என்றும் சொல்கிறது. அந்த இரண்டாம் பாதிக்குள் ஒரு விமானந்தாங்கிக் கப்பலே நுழைந்துவிடும். ஒரு நாட்டை முழுவதுமாக விலக்கிவைக்க இந்தப் பிரிவு பயன்பட்டது மிக அரிது.

ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் பக்கம், பாதுகாப்பு மன்றத்தின் 418ஆம் தீர்மானம் 1977 நவம்பர் 4ஆம் தேதி தென்னாப்பிரிக்காவுக்கு ஆயுதம் விற்பதைக் கட்டாயமாகத் தடைசெய்தது. உறுப்பு நாடு ஒன்றின்மீது அப்படி ஒரு கட்டாயத் தடை வந்தது அதுவே முதல் முறை. நிறவெறி அரசோ உள்நாட்டிலேயே ஆயுதத் தொழிலை வளர்த்துக்கொண்டது. தடைக்கு ஓர் எதிர்விளைவு எப்போதும் உண்டு என்பதற்கு இது பழைய சான்று.

லேஹி சட்டம் என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

வெர்மான்ட் மாநிலத்தின் செனட்டர் பேட்ரிக் லேஹி 1997இல் கொண்டுவந்த விதி. இதன் சிறப்பு, நாட்டைப் பார்க்காமல் படைப்பிரிவைப் பார்ப்பது. ஒரு குறிப்பிட்ட படைப்பிரிவு சட்டத்துக்குப் புறம்பான கொலை, சித்திரவதை, ஆட்களைக் காணாமலாக்குதல், அதிகார பலத்தில் வன்புணர்ச்சி ஆகியவற்றில் ஈடுபட்டதாக நம்பத்தக்க தகவல் இருந்தால், அந்தப் பிரிவுக்கு மட்டும் அமெரிக்க உதவி நிறுத்தப்படவேண்டும். குற்றவாளிகளை அந்நாடு நீதியின் முன் நிறுத்தினால் உதவி மீளலாம்.

கொலம்பியாவின் சாண்டோ டொமிங்கோ என்ற சிற்றூரின்மீது 1998 டிசம்பரில் விமானப்படை வீசிய கொத்துக் குண்டில் குழந்தைகள் உட்பட 17 பேர் மாண்டனர். கெரில்லாக்களின் லாரியே வெடித்தது என்று படைத்தரப்பு சாதித்தது, விசாரணை இழுத்தடிக்கப்பட்டது. 2003 ஜனவரியில்தான் அந்த வான்படைப் பிரிவுக்கான உதவியை வாஷிங்டன் நிறுத்தியது. நான்கு ஆண்டுத் தாமதம் வெட்கக்கேடு, அதில் மறுப்பில்லை. ஆனால் அக்காலத்தில் அமெரிக்க இராணுவ உதவியை மிக அதிகமாகப் பெற்ற நாடுகளில் ஒன்றாக இருந்த கொலம்பியாவில், “இந்தப் பிரிவுக்கு மட்டும் இல்லை” என்று பெயர் குறித்துச் சொல்ல முடிந்தது. நாட்டுக்கு நாடு கோபப்படுவதைவிட, ஒரு தளபதியின் பெயரும் பிரிவின் எண்ணும் தாளில் ஏறுவதையே படைகள் அதிகம் அஞ்சுகின்றன.

இந்தச் சட்டத்தில் இரண்டு ஓட்டைகள். வாங்கும் நாடு தன் பணத்தில் வாங்கினால் பொதுவாக இது பொருந்தாது. மேலும், எந்த ஆயுதம் எந்தப் பிரிவுக்குப் போகிறது என்று தடம்பிடிக்க முடியாத அளவுக்கு மொத்தமாக உதவி கொடுக்கப்படும்போது, படைப்பிரிவு வாரியான சோதனை பெயரளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

சட்டம் இருந்தும் ஆயுதம் போய்க்கொண்டே இருக்கிறதே, ஏன்?

விலக்குரிமை என்ற ஒரு சொல்தான் காரணம். ஏறக்குறைய எல்லா நிபந்தனைச் சட்டத்திலும், தேசியப் பாதுகாப்பு நலன் கருதி அமைச்சர் நிபந்தனையைத் தள்ளிவைக்கலாம் என்ற வாசகம் இருக்கும்.

எகிப்தின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2013இல் அதிபர் முகம்மது மோர்சி கவிழ்க்கப்பட்டு, அவருடைய ஆதரவாளர்கள் நூற்றுக்கணக்கில் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, அவ்வாண்டு அக்டோபரில் ஒபாமா அரசு எஃப்-16 விமானங்கள், அப்பாச்சி ஹெலிகாப்டர்கள் முதலியவற்றை அனுப்புவதை நிறுத்தியது. 2015 மார்ச்சில் அதே அரசு தடையை நீக்கியது. கெய்ரோவில் மனித உரிமை மேம்பட்டதால் அன்று. சினாய் பகுதியில் தீவிரவாதம் வளர்ந்ததாலும், எகிப்து பிரான்சிடம் ரஃபேல் விமானங்களை வாங்கத் தொடங்கியதாலும். பைடன் காலத்தில் 1.3 பில்லியனில் 320 மில்லியன் டாலர் மட்டும் மனித உரிமையோடு பிணைக்கப்பட்டிருந்தது. அதில் ஒரு பகுதி சில ஆண்டுகள் நிறுத்திவைக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் முழுத் தொகையும் கொடுக்கப்பட்டது. அந்த ஆண்டு காஸா பேச்சுவார்த்தைக்கு எகிப்து தேவைப்பட்டது.

கெய்ரோவில் உள்ள அதிகாரி ஒருவர் இதிலிருந்து என்ன கற்றிருப்பார்? நிபந்தனை என்பது பருவமழை போல. குடையை விரித்துக்கொண்டு சற்று நேரம் ஒதுங்கி நின்றால் போதும். ஒருமுறை விலக்களித்துவிட்டால் அடுத்த முறை விதிக்கும் நிபந்தனையின் விலையும் குறைந்துவிடுகிறது என்பதை விலக்கில் கையெழுத்திடுபவர்கள் ஏனோ கணக்கில் எடுப்பதில்லை.

ஐரோப்பா எப்படி?

ஐரோப்பிய ஒன்றியம் 1998இல் ஒரு நடத்தை நெறியை வகுத்து, 2008 டிசம்பரில் அதைச் சட்டப்பிணைப்புள்ள பொது நிலைப்பாடாக மாற்றியது. அதன் எட்டு அளவுகோல்களில் இரண்டாவது மனித உரிமை. முடிவெடுப்பது ஒவ்வொரு நாட்டின் அரசும்தான். ஆனால் அங்கே குடிமக்கள் அரசை நீதிமன்றத்துக்கு இழுக்கிறார்கள் என்பது பெரிய வேறுபாடு.

பிரிட்டனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019 ஜூன் 20ஆம் தேதி, சவூதி அரேபியா ஏமனில் ஏற்கெனவே போர்ச்சட்டத்தை மீறியதா என்று மதிப்பிடாமலேயே பிரிட்டிஷ் அரசு அந்நாட்டுக்கு ஆயுத உரிமம் வழங்கியது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. அரசு மதிப்பீடு செய்தது. மீறல்கள் ஆங்காங்கே நடந்த தனித்தனிச் சம்பவங்கள் என்றது. 2020 ஜூலையில் உரிமங்களை மீண்டும் வழங்கத் தொடங்கியது. இரண்டாம் வழக்கு 2023 ஜூனில் தள்ளுபடியானது. அதாவது, கேள்வியைக் கேட்கவேண்டும் என்று நீதிமன்றம் கட்டாயப்படுத்தும். விடை எதுவாக இருக்கவேண்டும் என்று சொல்லத் தயங்கும்.

நெதர்லாந்தில் ஹேக் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு படி மேலே சென்றது. 2024 பிப்ரவரி 12ஆம் தேதி, எஃப்-35 விமான உதிரிப்பாகங்களை இஸ்‌ரேலுக்கு அனுப்புவதை ஏழு நாளில் நிறுத்தும்படி அரசுக்கு ஆணையிட்டது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், மதிப்பிடும் பொறுப்பு நீதிமன்றத்துடையது அன்று, அரசுடையது என்று கூறி, ஆறு வாரத்துக்குள் உரிமத்தை மறுஆய்வு செய்யச் சொன்னது. இதே விமானத்தின் பாகங்களுக்குத்தான் பிரிட்டன் தடையிலிருந்து விலக்களித்தது: 2024 செப்டம்பரில் இஸ்‌ரேலுக்கான ஏறத்தாழ 350 உரிமங்களில் 30 அளவுக்கு நிறுத்தியபோது, பல நாடுகளுக்கும் பொதுவான எஃப்-35 விநியோகச் சங்கிலியைத் தொடவில்லை. பல நாடுகள் சேர்ந்து செய்யும் ஆயுதத்தில் ஒருவர் மட்டும் கையை இழுத்துக்கொள்வது கடினம். இனி வரும் ஆயுதங்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவையே.

உலகளாவிய ஒப்பந்தம் ஒன்று இருக்கிறதா? சிங்கப்பூர் அதில் இருக்கிறதா?

ஆயுத வணிக ஒப்பந்தம். ஐநா பொதுச்சபை அதை 2013 ஏப்ரல் 2ஆம் தேதி 154 வாக்குகளால் ஏற்றது. ஈரான், வடகொரியா, சிரியா ஆகிய மூன்றும் எதிர்த்தன. இந்தியா, சீனா, ரஷ்யா உட்பட 23 நாடுகள் வாக்களிக்காமல் விலகி நின்றன. 2014 டிசம்பர் 24ஆம் தேதி நடப்புக்கு வந்தது. இனப்படுகொலைக்கோ மனிதகுலத்துக்கு எதிரான குற்றத்துக்கோ பயன்படும் என்று தெரிந்தால் ஆயுதத்தை அனுப்பவே கூடாது என்கிறது அதன் 6ஆம் விதி. அந்த அளவுக்கு உறுதியில்லாதபோது ஆபத்தை எடைபோட்டு, அது மிஞ்சினால் மறுக்கவேண்டும் என்கிறது 7ஆம் விதி. சீனா 2020இல் சேர்ந்துகொண்டது. அமெரிக்கா 2013இல் கையெழுத்திட்டு, 2019இல் விலகிக்கொள்வதாக அறிவித்தது. சிங்கப்பூர் ஆதரித்து வாக்களித்து, 2014 டிசம்பரில் கையெழுத்தும் இட்டது. ஆனால் கையெழுத்து வேறு, ஒப்பந்தத்தை நாட்டளவில் முறைப்படி உறுதிசெய்யும் ஏற்புறுதி வேறு. ஏற்புறுதி அளித்த நாடுகளையே ஒப்பந்தம் முழுமையாகக் கட்டுப்படுத்தும்.

நம் வட்டாரத்தில் இந்த முறை என்றாவது பலித்ததா?

இந்தோனேசியாவைப் பார்க்கவேண்டும். 1991 நவம்பர் 12ஆம் தேதி அப்போது இந்தோனேசியாவின் பிடியில் இருந்த கிழக்குத் திமோரின் டிலி நகரில், சாந்தா குரூஸ் மயானத்தில் கூடிய ஊர்வலத்தினர்மீது படையினர் சுட்டனர். அதையடுத்து 1992இல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்தோனேசிய அதிகாரிகளுக்கான இராணுவப் பயிற்சி நிதியை வெட்டியது. சுகார்த்தோ அரசு அசைந்ததாகச் சொல்ல முடியாது.

1999இல் காட்சி மாறியது. ஆகஸ்ட் 30ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில் திமோர் மக்களில் 78 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் விடுதலைக்கு வாக்களித்தனர். படையின் ஆதரவு பெற்ற குழுக்கள் ஊர்களைக் கொளுத்தின. செப்டம்பர் 9ஆம் தேதி அதிபர் கிளின்டன் இராணுவத் தொடர்புகளை நிறுத்துவதாக அறிவித்தார். 12ஆம் தேதி அதிபர் ஹபிபி அனைத்துலகப் படையை அனுமதித்தார். 20ஆம் தேதி அப்படை தரையிறங்கியது. சிங்கப்பூரும் மருத்துவக் குழுவையும் தரையிறங்கு கப்பல்களையும் அனுப்பியது. ஆயுதத் தடை மட்டுமே இதைச் சாதித்தது என்று சொல்வது மிகை. ஆசிய நிதி நெருக்கடியில் சிக்கியிருந்த இந்தோனேசியா உலக வங்கியையும் அனைத்துலகப் பண நிதியத்தையும் நம்பியிருந்தது. அந்தக் கதவுகளும் மூடப்படும் என்ற அச்சம் கூடவே இருந்தது. இருந்தாலும் மூன்றே நாள் என்பதைக் கவனியுங்கள். அனைத்துலகப் படையை அனுமதிக்கவேண்டும் என்ற கோரிக்கை ஒன்றுதான், அது தெளிவானது, நிறைவேறியதா இல்லையா என்று எவரும் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியது.

அதே தடை பின்னர் நீண்டபோது நோக்கம் மங்கியது. உதிரிப்பாகம் இல்லாமல் எஃப்-16, சி-130 விமானங்கள் தரையில் கிடந்தன. 2003இல் ஜகார்த்தா ரஷ்யாவின் சுகோய் விமானங்களை வாங்கியது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை ஆச்சேயை அழித்தபோது, நிவாரணம் கொண்டுசெல்ல வேண்டிய சி-130 விமானங்களே போதுமான அளவு பறக்கும் நிலையில் இல்லை. அமெரிக்கா அவசரமாகப் பாகங்களை விடுவித்தது. 2005 நவம்பரில் எஞ்சிய தடைகளும் நீங்கின. திமோரில் நடந்த கொலைகளுக்காகப் பெரிய தளபதி எவரும் அதற்குள் தண்டிக்கப்படவில்லை.

“நாம் விற்காவிட்டால் இன்னொருவர் விற்பார்” என்ற வாதம் சரிதானே?

பாதி சரி. நைஜீரியாவுக்கு அமெரிக்கத் தயாரிப்பான கோப்ரா தாக்குதல் ஹெலிகாப்டர்களை இஸ்‌ரேல் மறுவிற்பனை செய்வதை அமெரிக்கா 2014இல் தடுத்தது. நைஜீரியா ரஷ்யாவை நாடியது. பிறகு 2017இல், அவ்வாண்டு ஜனவரியில் ரான் என்ற ஊரில் அகதி முகாம்மீதே நைஜீரிய விமானம் குண்டு வீசியிருந்தும், 12 சூப்பர் டுக்கானோ இலகுரகத் தாக்குதல் விமானங்களை 593 மில்லியன் டாலருக்கு விற்க அமெரிக்காவே முன்வந்தது.

மறுபாதி சரியன்று. போர் விமானம் என்பது அரிசி மூட்டை அன்று. ஒரு கடையில் மறுத்தால் அடுத்த கடைக்குப் போய் உடனே தூக்கிவர இயலாது. விமானியின் பயிற்சி, பழுதுபார்ப்பு, மென்பொருள், குண்டு எல்லாம் ஒரே விற்பனையாளரைச் சார்ந்தவை. ஸ்டாக்ஹோம் அனைத்துலக அமைதி ஆய்வுக் கழகத்தின் கணக்குப்படி, 2020 முதல் 2024 வரை உலகின் பெரிய ரக ஆயுத ஏற்றுமதியில் 43 விழுக்காடு அமெரிக்காவினுடையது. சந்தையில் பாதியளவைக் கையில் வைத்திருப்பவர், “என்னால் என்ன ஆகும்” என்று கேட்பது பொருந்தாது.

இலங்கைப் போரின்போது இது ஏன் எவரையும் காக்கவில்லை?

எங்கள் குழுவில் மிகுந்த தயக்கத்தோடு கேட்கப்பட்ட கேள்வி. கேட்டவருக்கு யாழ்ப்பாணத்தில் உறவுகள் உண்டு. 2007 டிசம்பரில் அமெரிக்காவில் நிறைவேறிய நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் இலங்கைக்கான இராணுவ உதவியைக் கட்டுப்படுத்தியது; கடல், வான் கண்காணிப்புக்கான கருவிகளுக்கு மட்டும் விலக்கு இருந்தது. கொழும்புக்கோ சீனாவும் பாகிஸ்தானும் கைகொடுத்தன. ஒருவர் மட்டும் மறுத்து, அவர் முதன்மை விற்பனையாளராகவும் இல்லாதபோது, மறுப்பு ஒரு பதிவாக மட்டுமே நிற்கிறது. 2009 மே மாதம் போர் முடிந்தது. போரின் இறுதிக் கட்டத்தில் படைப்பிரிவு ஒன்றை நடத்தி, பின்னர் இராணுவத் தளபதியான சவேந்திர சில்வா 2020 பிப்ரவரியில் அமெரிக்காவுக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டது. பதினோர் ஆண்டுகள் கழித்து வந்த அந்தத் தடையை நீதி என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

சிங்கப்பூரின் சட்டம் என்ன சொல்கிறது?

2003 முதல் நடப்பில் உள்ள உத்திபூர்வப் பொருள்கள் கட்டுப்பாட்டுச் சட்டம், சிங்கப்பூர்ச் சுங்கத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. ஏற்றுமதி மட்டுமன்றி, கப்பல் மாற்றிச் செல்லும் சரக்கு, வெறுமனே கடந்துபோகும் சரக்கு, இடைத்தரகு வேலை, மின்னஞ்சலில் அனுப்பப்படும் தொழில்நுட்ப வரைபடம் ஆகியவையும் அதன் கீழ் வருகின்றன. இராணுவப் பொருள்களோடு, இராணுவத்துக்கும் பொதுப் பயன்பாட்டுக்கும் உதவக்கூடிய இருவகைப் பயன்பாட்டுப் பொருள்களும் பட்டியலில் உண்டு. ஐநா தடைகளைச் செயல்படுத்தும் விதிகள் தனியே இருக்கின்றன.

ஐரோப்பியப் பொது நிலைப்பாட்டைப் போல மனித உரிமை அளவுகோல்களை எண்ணிட்டு அடுக்கும் சட்டம் இது அன்று. பட்டியலில் இல்லாத பொருளையும் பிடிக்கும் பிரிவு இருந்தாலும், அது அணு, வேதி, உயிரியல் ஆயுதங்களையும் அவற்றைச் சுமக்கும் ஏவுகணைகளையும் நோக்கியது. தனி ஆயுதங்கள் சிலவற்றில் தெளிவான முடிவுகள் உண்டு: ஆள்கொல்லிக் கண்ணிவெடி ஏற்றுமதிக்கு 1998இலிருந்தும் கொத்துக் குண்டு ஏற்றுமதிக்கு 2008இலிருந்தும் காலவரையற்ற நிறுத்தம், 2015இல் சிங்கப்பூரின் ஆயுதத் தயாரிப்பு நிறுவனமான எஸ்டி எஞ்சினியரிங் இவ்விரண்டையும் இனி வடிவமைப்பதோ தயாரிப்பதோ விற்பதோ இல்லை என்று அறிவித்தது.

மியன்மார் அறிக்கையில் சிங்கப்பூரின் பெயர் வந்ததே?

வந்தது. 2021 பிப்ரவரி 1ஆம் தேதி மியன்மாரில் இராணுவப் புரட்சி நடந்தது. அவ்வாண்டு ஜூன் 18ஆம் தேதி, அங்கு ஆயுதம் செல்வதைத் தடுக்கக் கோரிய ஐநா பொதுச்சபைத் தீர்மானத்தைச் சிங்கப்பூர் ஆதரித்தது. தாய்லாந்து உட்பட நான்கு ஆசியான் நாடுகள் வாக்களிக்கவில்லை. இரண்டாண்டு கழித்து, 2023 மே மாதம், ஐநா சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ், புரட்சிக்குப் பின் குறைந்தது ஒரு பில்லியன் டாலர் மதிப்புள்ள ஆயுதங்களும் அவற்றுக்கான பொருள்களும் மியன்மார் இராணுவத்துக்குச் சென்றதாகக் கணக்கிட்டார்: ரஷ்யா 406 மில்லியன், சீனா 267 மில்லியன், சிங்கப்பூரில் இருந்து இயங்கிய நிறுவனங்கள் 254 மில்லியன். சிங்கப்பூர் அரசு இதற்கு அனுமதியளித்ததற்கோ உடந்தையாக இருந்ததற்கோ அறிகுறி இல்லை என்றும் அறிக்கை தெளிவாகச் சொன்னது.

அந்த 254 மில்லியனில் பெரும்பகுதி, தேசிய தின அணிவகுப்பில் நாம் பார்க்கும் ஆயுதங்கள் அல்ல. உதிரிப்பாகங்கள், மின்னணுக் கருவிகள், ஆயுதத் தொழிற்சாலைக்கான இயந்திரங்களும் மூலப்பொருள்களும். விற்றவை கொள்கலன்களில் சரக்கு ஏற்றும் சிறிய வணிக நிறுவனங்கள். பணம் வங்கிகள் வழியே வந்தது. துறைமுகப் பெரியவர் கேட்ட கேள்வி இங்கேதான் பொருந்துகிறது: தாளில் “இறுதிப் பயனர்” என்ற இடத்தில், அதாவது பொருளைக் கடைசியில் பயன்படுத்தப்போகிறவர் என்று, எழுதப்பட்ட பெயரை யார் சரிபார்த்தார்?

அரசு விசாரணை தொடங்கியது. 2024இல் வெளிவந்த அடுத்த அறிக்கையில், சிங்கப்பூர் நிறுவனங்கள் வழியே சென்ற தொகை 2022 நிதியாண்டில் 110 மில்லியன் டாலருக்கு மேல் இருந்து, 2023இல் 10 மில்லியன் அளவுக்கு இறங்கியிருந்தது. அதே காலத்தில் தாய்லாந்து வழியே சென்ற தொகை இரு மடங்கை எட்டியது. “பார்த்தீர்களா, வேறு வழியில் போய்விட்டதே” என்று தோன்றலாம். ஆனால் இராணுவத்தின் மொத்தக் கொள்முதல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஒரு சிறிய நகரம் தன் ஆவணங்களைச் சற்றே கவனித்துப் படித்ததன் விளைவு அது. வல்லரசுகளின் விலக்குரிமை நாடகங்களைவிட இந்தச் சரிவு எனக்கு நம்பிக்கை தருகிறது.

வாங்கும் நாடான சிங்கப்பூருக்கும் நிபந்தனை உண்டா?

உண்டு. வாங்கிய ஆயுதத்தை விற்றவரின் அனுமதியின்றி மூன்றாம் நாட்டுக்கு மாற்றமுடியாது. கண்காணிப்புச் சோதனைக்கும் ஒத்துழைக்கவேண்டும்.

நான் சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் ஆவணப் பிரிவில் வேலை செய்கிறேன். எனக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

மேலே சொன்ன செனட்டர்களையும் நீதிபதிகளையும்விட நீங்கள்தான் பொருளுக்கு அருகில் இருக்கிறீர்கள். வாங்குபவரின் முகவரி வெறும் அஞ்சல் முகவரியாக இருப்பது. பணம் தொடர்பே இல்லாத மூன்றாம் நிறுவனத்திலிருந்து வருவது. ஜவுளிக் கடை என்று பதிவு செய்துள்ளவர் விமான ரேடியோ பாகங்களைக் கேட்பது. பொருளைப் பொருத்தித் தரவும் பயிற்சி அளிக்கவும் வேண்டாம் என்று சொல்வது. சேருமிடம் கடைசி நேரத்தில் மாறுவது. இவற்றுள் ஒன்று தென்பட்டாலே மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டது பின்னர் நினைவில் நிற்காது. பொருள் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வருமா என்ற ஐயம் இருந்தால் கொள்கலனை மூடுவதற்கு முன்பே சுங்கத்துறையிடம் கேட்கலாம். “அந்த வரிசையில் ‘பொதுவான இயந்திர உதிரிகள்’ என்று எழுதிவிடு” என்று எவரேனும் சொன்னால், அறிவிப்புப் படிவத்தில் பதிவாவது உங்கள் பெயர்.